முன்சக்கர போல்ட்டின் வாக்குமூலம்

போல்ட் பேசும் என்று இருபது வருடத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால், ஆவுடையம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு டீ வாங்கிக்கொடுத்து அனுப்பியிருப்பாள். இப்போது பேசுகிறது. பேசுவதோடு விட்டாலும் பரவாயில்லை, ஆளையும் காட்டிக்கொடுக்கிறது.

கயத்தாறில் யுத்த காலத்து ஓடுதளம் ஒன்று வெகுகாலம் ஆடு மேய்ந்துகொண்டு கிடந்தது. ஒன்பது பேர் உட்காரும் மின்சார விமானங்கள் வந்த பிறகு அதற்கு மறுபடி உயிர் வந்தது. தென்காற்று கம்பெனியின் இருபத்திரண்டு விமானங்கள் ராமேஸ்வரம், தஞ்சாவூர், நாகர்கோவில் என்று டவுன் பஸ் மாதிரி போய் வந்தன. கருவாட்டுப் பையோடும் கைக்குழந்தையோடும் ஜனங்கள் ஏறி இறங்கினார்கள். அந்த விமானங்களுக்கெல்லாம் வேலை பார்க்கிற இடம் கயத்தாறு ஹாங்கர். அங்கே பறக்கத் தகுதி உண்டு என்று கையெழுத்துப் போடும் லைசென்ஸ் இரண்டே பேரிடம் இருந்தது. ஒன்று ஆவுடையம்மாள், இன்னொன்று பேச்சிமுத்து.

முக்கியமான போல்ட் ஒவ்வொன்றின் கழுத்திலும் தலைமுடியை விட மெல்லியதாக ஒரு பூச்சு உண்டு. சாட்சிப் பூச்சு என்று பெயர். போல்ட்டை முறுக்கும்போது உண்டாகிற அதிர்வை எல்லாம் அது வாங்கி வைத்துக்கொள்ளும். முறுக்கி முடித்த பிறகும் ஒரு நிமிடம் விழித்திருந்துவிட்டு, அப்புறம் அப்படியே உறைந்துபோகும். போல்ட்டைக் கழற்றி வாசிப்பு எந்திரத்தில் வைத்தால் எவ்வளவு பலத்தில் முறுக்கியது, எந்தத் தேதி, யார் கை என்று மூன்று வரி வரும். ஒவ்வொருவர் கையும் ஒவ்வொரு விதமாக நடுங்குமாம். அது எந்திரத்துக்குத் தெரியுமாம்.

இந்தப் பூச்சை நம்பி ஒரு சட்டம் போட்டார்கள். விபத்துக்குக் காரணமான போல்ட்டில் எவன் கை இருக்கிறதோ அவன் லைசென்ஸ் அன்று சாயங்காலமே ரத்து, ஆயுசுக்கும். விசாரணை கிடையாது. சட்டம் வருவதற்கு முன்னால் கருத்துக் கேட்டபோது, "தப்புப் பண்ணுனவன்கிட்ட என்ன விசாரணை வேண்டிக்கிடக்கு?" என்று கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னவர்களில் ஆவுடையம்மாளும் ஒருத்தி. கைதட்டல்கூட வாங்கினாள்.

ஐப்பசியில் மூன்று விமானங்கள் தரையிறங்கும்போது முன்சக்கரம் மடிந்து மூக்கால் ரன்வேயை உழுதன. ராமநாதபுரத்தில் ஒன்று, நாகர்கோவில் பக்கம் ஒன்று, மூன்றாவது கயத்தாறிலேயே. முதல் இரண்டில் சிராய்ப்போடு போயிற்று. மூன்றாவதில் விமானிக்கு இரண்டு காலும் முறிந்தது. மூன்றிலும் முன்சக்கரத்தின் காலைப் பிடித்திருக்கிற போல்ட் கழுத்தோடு தெறித்திருந்தது.

விபத்து விசாரணைக்கு ஜெபமணி வந்தார். பாளையங்கோட்டைக்காரர். பேச்சு குறைவு, குறிப்பெடுப்பது அதிகம். உடைந்த போல்ட்டுகளைச் சென்னைக்கு அனுப்பினார். மறுநாள் பதில் வந்துவிட்டது. மூன்றும் அளவுக்கு மேல் முறுக்கப்பட்டவை, மூன்றிலும் பேச்சிமுத்துவின் கை.

ஹாங்கரில் யாருக்கும் பெரிதாக ஆச்சரியமில்லை. பேச்சிமுத்து ஒரு காலத்தில் மாவட்டக் கபடி அணியில் ஆடியவன். அவன் பிடித்தால் பிடித்ததுதான். அவன் மூடிய பெயிண்ட் டப்பாவைத் திறக்க இரண்டு பேர் வேண்டும் என்று கேலி பேசுவார்கள். அந்தக் கேலியே அவனுக்கு எதிரான தீர்ப்பாகிவிட்டது. அன்று சாயங்காலமே அவன் லைசென்ஸ் போயிற்று. அவன் முறுக்கிய மற்ற ஐந்து விமானங்களை நிறுத்தி, சென்னையிலிருந்து வந்த ஆட்கள் தங்கள் கருவிகளாலேயே போல்ட் மாற்றினார்கள். மற்றவை வழக்கம்போலப் பறந்தன.

பத்து நாள் கழித்து, ஒரு மத்தியானம் ஆவுடையம்மாள் அவன் வீட்டுக்குப் போனாள். போகாமல் இருப்பதற்கு என்னென்னவோ சாக்கு சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனாள். அவன் பெண்டாட்டி சங்கரவடிவு காப்பி கொண்டுவந்து வைத்தாள். காப்பியில் இரண்டு எறும்பு மிதந்தது.

"சீனி டப்பா பூராவும் எறும்புதாங்க்கா" என்றாள் சங்கரவடிவு. "இவுக இப்ப எதையும் இறுக்கி மூட மாட்டேங்காக. ஊறுகாய் பாட்டில் மூடி சும்மா மேல உக்காந்திருக்கு. குழாயைக்கூட அழுத்தித் திருகுறதில்ல. தொட்டித் தண்ணி பூராவும் சொட்டிச் சொட்டியே போயிருது. கேட்டா, என் கை அப்பிடிங்காக."

பேச்சிமுத்து தலையைக் குனிந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆவுடையம்மாள் அவன் பக்கம் திரும்பினாள்.

"எலே பேச்சி, அன்னைக்கு என்னதாம்லே நடந்துச்சு? உள்ளதச் சொல்லு."

"எப்பவும் போலதாங்க்கா. டார்க் ரென்ச்ச நாப்பதுக்கு வச்சேன். இழுத்தேன். டிக்குன்னு கேட்டுச்சு. கேட்ட உடனே நிறுத்திட்டேன். அப்பிடித்தான் ஞாபகம்." அவன் நிமிர்ந்தான். "ஆனா போல்ட்டு பொய் சொல்லுமாக்கா? அதுக்கு என்ன விரோதமா எம்மேல? நாந்தான் தெரியாம இழுத்திருப்பேன் போல."

ஒரு மனுஷன் தன் ஞாபகத்தை விட போல்ட்டை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இதற்குத்தானே கைதட்டல் வாங்கினோம் என்று ஆவுடையம்மாளுக்கு உறைத்தது. எறும்பை ஒதுக்கிவிட்டுக் காப்பியைக் குடித்து முடித்தாள்.

ஸ்கூட்டரில் திரும்பும் வழியெல்லாம் அந்த டிக் அவளை விடவில்லை. டார்க் ரென்ச் என்பது ஒரு நீளக் கைப்பிடிச் சாவி. நாற்பது என்று வைத்தால், முறுக்கு நாற்பதைத் தொட்டதும் உள்ளே ஒரு ஸ்பிரிங் தட்டி டிக் என்று சத்தம் கொடுக்கும். அதற்கு மேல் இழுக்கக் கூடாது. கேட்டதும் நிறுத்தினேன் என்கிறான் பேச்சி. பொய் சொல்லத் தெரியாதவன் அவன். அப்படியானால் அந்த டிக் எப்போது கேட்டது?

ஹாங்கரில் மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். ஆவுடையம்மாள் அலமாரியைத் திறந்து டார்க் ரென்ச்சை எடுத்தாள். அளவு சரி என்ற ஸ்டிக்கர் ஜனவரி வரைக்கும் செல்லும் என்று காட்டிக்கொண்டு ஒட்டியிருந்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். தலைப்பக்கம் இடுக்கில் மஞ்சளாக ஒரு கோடு. நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தாள்.

சந்தனம்.

பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒவ்வொரு வருடமும் ஆயுத பூஜைக்கு ஹாங்கரில் வெள்ளை வேட்டி விரித்து ஸ்பேனர், சுத்தியல், டிரில்லிங் மிஷின் எல்லாவற்றையும் துடைத்து அடுக்கிப் பொட்டு வைப்பார்கள். டார்க் ரென்ச் மட்டும் பெட்டியை விட்டு வெளியே வராது. இந்த வருடம் அவளுக்குத்தான் தோன்றியது. முன்சக்கரத்தையே தாங்குகிற கருவியை இருட்டில் போட்டுவிட்டுச் சுத்தியலுக்கு மட்டும் பொட்டு வைப்பது என்ன நியாயம்? பாசத்தோடு எடுத்து மண்ணெண்ணெயில் முக்கி ஊறவைத்துக் கழுவினாள். அப்புறம் தாராளமாகச் சந்தனத்தைக் குழைத்து அப்பினாள். மண்ணெண்ணெய் உள்ளே இருந்த மசகை எல்லாம் கழுவிக்கொண்டு போயிருக்கும். அந்த இடத்தில் சந்தனத் தண்ணீர் இறங்கிக் காய்ந்து பிடித்திருக்கும். சாமி கும்பிட்டபோது அவள் வேண்டிக்கொண்டது என்னவோ, இந்த வருடம் ஒரு குறையும் வரக்கூடாது என்றுதான்.

ரென்ச்சை நாற்பதுக்கு வைத்துச் சோதனை மேசையில் மாட்டி இழுத்தாள். முள் நாற்பதைத் தாண்டியது. ஐம்பதைத் தாண்டியது. அறுபத்திரண்டில்தான் டிக் என்றது.

மறுபடி இழுத்தாள். அறுபது.

பேச்சிமுத்து டிக் கேட்டதும் நிறுத்தியிருக்கிறான். போல்ட்டும் பொய் சொல்லவில்லை. நடுவில் இருந்த ரென்ச் பொய் சொல்லியிருக்கிறது. சொல்ல வைத்தவள் அவள்.

ஒரு பிரஷ், கொஞ்சம் ஸ்பிரிட், இரண்டு சொட்டு எண்ணெய், பத்து நிமிடம் போதும். எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. பேச்சிமுத்து வீட்டில்தான் இருக்கிறான், அவன் போல்ட்டுகளையும் மாற்றியாகிவிட்டது. இதை இப்போது சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகிறது? சொன்னால் அவள் லைசென்ஸ் போகும். இருபத்தொரு வருட வேலை. அவள் ஊரில் விமானத்துக்குக் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் அவள்தான். ஆவுடையம்மாள் நல்லவள்தான், ஆனாலும் அவள் கை பிரஷ் இருந்த தட்டு வரைக்கும் போயிற்று. அதை மறைப்பானேன்.

தட்டில் கை பட்ட இடத்தில்தான் அந்த நினைப்பு வந்தது. பூஜை முடிந்த வாரம் இதே ரென்ச்சால் அவளும் ஒரு விமானத்துக்கு முன்சக்கரம் முறுக்கியிருந்தாள். ஏழாம் நம்பர். பேச்சிமுத்துவின் கை பட்டதை மட்டும்தானே தேடினார்கள்? அவள் கை பட்டதை யாரும் தேடவில்லை. ஏழாம் நம்பர் இருக்கை மாற்றுவதற்காகப் பதினைந்து நாள் ஹாங்கரிலேயே கிடந்தது. மூன்று நாளாகத்தான் பறக்கிறது.

சுவரில் நேரப் பலகையைப் பார்த்தாள். ஏழாம் நம்பர், ராமேஸ்வரத்திலிருந்து, எட்டுப் பயணிகள், நாலு ஐம்பதுக்குக் கயத்தாறு. இப்போது மணி நாலு முப்பத்தாறு.

ஆவுடையம்மாள் ரென்ச்சைக் கையில் பிடித்தபடியே கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினாள். நாற்பத்தேழு வயதில் அப்படி ஓடியதை அன்று பார்த்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அங்கே இருந்தவரிடமிருந்து மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தது கேப்டன் தாட்சாயணி.

"தாட்சாயணி, நான் ஆவுடை பேசுதேன். பதறாமக் கேளு. உன் முன்சக்கர போல்ட்ட நான் அளவுக்கு மேல முறுக்கிட்டேன். எறங்கும்போது உடைஞ்சாலும் உடையும்."

ரேடியோவில் இரைச்சலோடு பதில் வந்தது.

"நீங்களாக்கா? பேச்சியண்ணன் போட்டதத்தான் மாத்தியாச்சே?"

"இது நான் போட்டது. தப்பு எங்கிட்ட. விளக்கமெல்லாம் எறங்குன பொறவு சொல்லுதேன். முன்னால இருக்கிறவுகள பின் சீட்டுக்கு மாத்த முடியுமா?"

"ஒரு சீட்டு காலியாத்தான் கெடக்கு. சாமானையும் பின்னால தள்ளச் சொல்லுதேன். பின்சக்கரத்துல எறக்கிட்டு, மூக்கத் தூக்கியே வச்சுக்கிடுதேன். வேகம் பூராவும் செத்த பொறவுதான் முன்னால விடுவேன். சரியா?"

"அதேதான் தாயி. பிரேக்க மட்டும் தொட்டுராத."

விமானம் மேற்கிலிருந்து சுற்றிக்கொண்டு வந்தது. வெயில் சாய்ந்து ரன்வே நீளத்துக்கும் மஞ்சளாக இருந்தது. பின்சக்கரங்கள் தரையைத் தொட்டன. மூக்கு அப்படியே உயர்ந்து நின்றது. ரன்வேயில் பாதி போயிற்று, முக்கால் போயிற்று, இன்னும் மூக்கு இறங்கவில்லை. சைக்கிள் போகிற வேகத்துக்கு வந்த பிறகுதான் முன்சக்கரம் மெல்லத் தரையில் பட்டது. பட்டதும் படாததுமாகப் போல்ட் தெறித்தது, கால் மடிந்தது, விமானம் களைத்துப்போன மாடு மாதிரி முன்னால் சாய்ந்து படுத்துக்கொண்டது.

எட்டுப் பேரும் நடந்தே இறங்கினார்கள். ஒரு அம்மாள் மட்டும், தன் கருவாட்டுப் பை கவிழ்ந்து நெத்திலி எல்லாம் சீட்டுக்கு அடியில் போய்விட்டது என்று கம்பெனியையே கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தாள். அவள் திட்டத் திட்ட ஆவுடையம்மாளுக்குக் கண்ணீர் வழிந்தது. திட்டுவதற்கு ஆள் இருக்கிறதே என்ற சந்தோஷம்.

அறிக்கையை முடிப்பதற்காக ஜெபமணி இன்னும் ஹாங்கர் அலுவலகத்தில்தான் இருந்தார். அவள் ரென்ச்சைக் கொண்டுபோய் அவர் மேசைமேல் வைத்தாள். துடைக்கவில்லை. நடந்ததைச் சொன்னாள். மண்ணெண்ணெயைச் சொன்னாள், சந்தனத்தைச் சொன்னாள், பிரஷ் வரைக்கும் கை போனதையும் விடாமல் சொன்னாள்.

ஜெபமணி ரென்ச்சை எடுத்து, தலைப்பக்கம் இருந்த மஞ்சளை முகர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, இதத் துடைச்சிருந்தா எனக்குக் காலத்துக்கும் தெரிஞ்சிருக்காது. தெரியுமா?"

"தெரியும் சார். ஏழுல எட்டுப் பேரு இருந்தாவ."

"சட்டப்படி உங்க லைசென்ஸ் இன்னைக்கே போகும்."

"போகட்டும். பேச்சிக்கு என்ன சொல்லுதிய? அவன் டிக்குன்னதும் நிறுத்திட்டேங்கான். அந்தப் பூச்சு அதிர்வத்தானே வாங்குது? அப்ப சத்தமும் அதுல இருக்கும்லா?"

ஜெபமணியின் பேனா நின்றது. "இருக்கும்" என்றார் மெதுவாக. "நாங்க யாரும் கேட்டுப் பாத்ததில்ல. மூணு வரிதான் அச்சடிச்சு வரும். அதுல பேரு வந்ததும் ஃபைல மூடிருவோம்."

ஒரு வாரம் கழித்து அவர் ஒரு சின்ன ஒலிபெருக்கியோடு வந்தார். பேச்சிமுத்துவையும் கூட்டிவரச் சொல்லியிருந்தார். தெறித்த போல்ட்டுகளில் இருந்த அதிர்வுகளைச் சத்தமாக மாற்றிக் கொண்டுவந்திருந்தார். முதல் போல்ட்டைப் போட்டார். கர்ர், கர்ர் என்று ரென்ச் திரும்பும் சத்தம். அப்புறம் ஒரு டிக். அதோடு கர்ர் நின்றுபோயிற்று; அப்புறம் ஒரு நிமிடம் ஹாங்கரின் இரைச்சலும் யாரோ பேசுகிற குரலும் மட்டும். இரண்டாவதும் அப்படியே, மூன்றாவதும் அப்படியே.

"டிக் கேட்டதுக்கு அப்புறம் ஒரு நூல்கூட நீங்க இழுக்கல பேச்சிமுத்து. மூணுலயும்" என்றார் ஜெபமணி. "உங்க கை சரியாத்தான் இருந்திருக்கு. எங்க காதுதான் சரியில்ல."

"இன்னொரு மட்டம் போடுங்க சார்" என்றான் பேச்சிமுத்து.

போட்டார். டிக். அந்த முரட்டு ஆள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். ஆவுடையம்மாள் அவன் முதுகில் கை வைத்தாள். "என்னைய மன்னிச்சுருலே" என்றாள். அவன் அழுதுகொண்டே தலையாட்டினான்.

அதற்குப் பிறகு நடந்ததை ஆவுடையம்மாளே எதிர்பார்க்கவில்லை. விஷயம் பத்திரிகையில் வந்த மூன்றாம் நாள் வேறு ஊர் ஹாங்கர் ஒன்றிலிருந்து ஜெபமணிக்குப் போன் வந்தது. நாங்களும் கழுவினோம் சார் என்றது ஒரு தயங்கிய குரல். மாத முடிவுக்குள் ஆறு ஹாங்கர்களிலிருந்து ஆறு குரல்கள். பதினேழு விமானங்களுக்கு, ஒன்றுகூட உடைவதற்கு முன்னால், போல்ட் மாற்றினார்கள். அந்த ஆறு பேரும் லைசென்ஸைப் பணயம் வைத்துத்தான் பேசினார்கள். கயத்தாறில் ஒரு பெண்பிள்ளை பேசிவிட்டாளே என்று பேசினார்களாம்.

சட்டத்தைத் திருத்த மறுபடி கூட்டம் போட்டார்கள். இந்தத் தடவையும் ஆவுடையம்மாள் எழுந்து நின்றாள். "போல்ட்டுக்கு என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கட்டும். யாருன்னு வேண்டாம்" என்றாள். "யாருன்னு தெரிஞ்சதும் நீங்க தேடுறத நிறுத்திருதிய. அதனாலதான் ஏழாம் நம்பர் பறந்துச்சு." யாரும் கைதட்டவில்லை. ஆனால் எழுதிக்கொண்டார்கள்.

பேச்சிமுத்துவின் லைசென்ஸ் உடனே திரும்பி வந்தது. சட்டம் திருந்தி அவளுடையது வர ஆறு மாதம் ஆயிற்று. அதுவரை ஹாங்கரில் பொருள் அறையைப் பார்த்துக்கொண்டாள். அடுத்த ஆயுத பூஜைக்கு வெள்ளை வேட்டியில் எல்லாக் கருவிகளும் அடுக்கப்பட்டன. டார்க் ரென்ச் பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. பெட்டியின் மூடிமேல் மட்டும் ஒரு சின்னச் சந்தனப் பொட்டு.

அந்த வாரம்தான் புதுப் போல்ட்டுகள் வந்தன. கையின் நடுக்கத்தை வடிகட்டிவிடுகிற பூச்சு, இனி யார் முறுக்கியது என்று எந்திரத்துக்குத் தெரியாது. முதல் போல்ட்டைப் பேச்சிமுத்து முறுக்கினான். டிக் என்றது. நிறுத்தியவன், எழுந்திருக்காமல் சக்கரத்தடியில் குனிந்தே இருந்தான். உதடு அசைந்தது. சாமி கும்பிடுகிறான் போல என்று ஆவுடையம்மாள் ஒதுங்கிப் போய்விட்டாள்.

மாசி மாதம் ஜெபமணி போன் செய்தார்.

"வழக்கமான சோதனைக்கு உங்க ஹாங்கர் போல்ட் ஒண்ணு கழட்டினோம்மா. இப்பல்லாம் சத்தத்தையும் கேட்டுப் பாக்கோம். நீங்களும் கேளுங்க."

கர்ர், கர்ர். டிக். அப்புறம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி, ஆனால் தெளிவாக, ஒரு குரல்:

"பேச்சிமுத்து, கயத்தாறு. நாப்பதுக்கு முறுக்கியிருக்கேன். டிக் கேட்டுச்சு. ஏதாவது சந்தேகம்னா என்னையக் கூப்பிடுங்க."

வேண்டாம் என்று பெயரை எடுத்துவிட்ட இடத்தில் அவனே கொண்டுபோய் வைத்திருக்கிறான்.

"இவன் ஒருத்தன்தான் பைத்தியம்னு நெனச்சோம்" என்றார் ஜெபமணி. "இதுவரைக்கும் பதினோரு போல்ட் கேட்டாச்சு. நாலு ஊரு. எட்டுல ஆளு பேசுதாவ. ஒருத்தர் ஊரு பேரோட போன் நம்பரும் சொல்லுதாரு."

அன்று மத்தியானம் ஒன்பதாம் நம்பருக்கு முன்சக்கரம் மாட்ட வேண்டியிருந்தது. ஆவுடையம்மாள் ரென்ச்சைச் சோதனை மேசையில் ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். நாற்பதுக்கு நாற்பது. குனிந்து உட்கார்ந்து போல்ட்டை முறுக்கினாள். டிக் கேட்டதும் நிறுத்தினாள். ஒரு நிமிடம்தான் நேரம் உண்டு. யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டாள்.